இரைச்சலற்ற மின்தடையைத் தேடி

வானலைகளைப் பெறும் எந்தக் கருவியானாலும், அது சட்டைப்பையில் கிடக்கும் கைப்பேசியானாலும் 45 மீட்டர் விட்டமுள்ள வானொலித் தொலைநோக்கியானாலும், ஆன்டெனாவில் வந்து சேரும் சைகை முதலில் சந்திக்கும் மின்னணுப் பெருக்கி ‘குறை இரைச்சல் பெருக்கி’ என்று அழைக்கப்படுகிறது. மெலிந்து வந்த சைகையைப் பெரிதாக்குவதும், அவ்வாறு பெரிதாக்கும்போது தன் பங்குக்கு இரைச்சலை இயன்றவரை சேர்க்காமலிருப்பதும் அதன் கடமை. குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணைச் சுற்றிய குறுகிய பட்டையில் மட்டும் இக்கடமையைச் செய்யும் பெருக்கியை வடிவமைப்பது 1990-களின் இறுதியிலேயே நன்கு கைவந்துவிட்ட கலையாகும். ஆனால் சில நூறு மெகாஹெர்ட்ஸிலிருந்து பல கிகாஹெர்ட்ஸ் வரை விரிந்த அகன்ற பட்டை முழுவதிலும் ஒரே சிலிக்கான் சில்லு அதைச் செய்ய வேண்டும் என்றபோது, அந்தக் கலையின் அடித்தளமே ஆட்டம் கண்டது. ஏன் அப்படி நேர்ந்தது என்பதை அறிய, இரைச்சல் எங்கிருந்து பிறக்கிறது என்பதில் தொடங்க வேண்டும்.

மின்சாரத்தைக் கடத்தும் எந்தப் பொருளிலும் எலக்ட்ரான்கள் வெப்பத்தால் தாறுமாறாக அலைந்துகொண்டே இருப்பதால், எந்த மின்கலத்தோடும் இணைக்கப்படாத வெறும் மின்தடையின் இரு முனைகளுக்கிடையிலும் கணத்துக்குக் கணம் மாறும் ஒரு நுண்ணிய மின்னழுத்தம் தோன்றுகிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஜான் பி. ஜான்சன் இதை அளந்து 1928-இல் வெளியிட்டார். அதே ஆண்டில், அதே கூடத்தின் ஹாரி நைக்விஸ்ட் அதற்கான கோட்பாட்டு விளக்கத்தை வழங்கினார். நைக்விஸ்டின் முடிவில் வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு: ஒரு மின்தடையிலிருந்து பெறத்தக்க இரைச்சல் திறன் அந்த மின்தடையின் மதிப்பையோ, அது செய்யப்பட்ட பொருளையோ சார்ந்ததன்று, வெப்பநிலையையும் பட்டை அகலத்தையும் மட்டுமே சார்ந்தது. 290 கெல்வின், அதாவது ஏறக்குறைய 17 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில், ஒவ்வொரு ஹெர்ட்ஸ் அகலத்துக்கும் இத்திறன் 4×10⁻²¹ வாட் ஆகும். ஒரு மில்லிவாட்டை அடிப்படையாகக் கொண்டு மடக்கை அளவில் திறனைக் குறிக்கும் ‘டிபிஎம்’ அலகில் இது −174. இந்தத் துறையில் பணிபுரிவோருக்கு இந்த எண் மனப்பாடம்.

இரண்டு மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் கேட்கும் ஜிபிஎஸ் கருவிக்கு இந்த இரைச்சல் தளம் −111 டிபிஎம் அளவில் அமைகிறது. செயற்கைக்கோளிலிருந்து தரையை வந்தடையும் சைகைக்கு வரையறுக்கப்பட்ட குறைந்தபட்ச அளவோ −128.5 டிபிஎம். சைகை, இரைச்சலைக் காட்டிலும் ஐம்பது மடங்குக்கு மேல் தாழ்ந்து கிடக்கிறது என்பது இதன் பொருள். சைகைக்குள் பொதிந்துள்ள குறியீடு முன்கூட்டியே தெரிந்திருப்பதால் மட்டுமே அது மீட்கப்படுகிறது. இத்தகைய நிலையில், பெருக்கி தன் பங்காக மேலும் ஒரு டெசிபல் இரைச்சலைச் சேர்ப்பது சிறு குற்றமன்று. வானொலி வானியலாளர்கள் தங்கள் பெருக்கிகளை ஹீலியம் கொண்டு சுமார் 20 கெல்வின் வரை குளிர்வித்து இச்சிக்கலிலிருந்து தப்பிவிடுகின்றனர். கைப்பேசிக்கு அந்த வசதி இல்லை.

பெருக்கி எவ்வளவு இரைச்சலைச் சேர்க்கிறது என்பதை அளக்க ‘இரைச்சல் எண்’ பயன்படுகிறது. உள்ளீட்டில் சைகைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம், வெளியீட்டில் எத்தனை மடங்கு கெட்டுப்போயிருக்கிறது என்பதே அது. எதுவும் சேர்க்காத இலட்சியப் பெருக்கியின் இரைச்சல் எண் 1, அதாவது 0 டெசிபல். மூலத்தின் இரைச்சலுக்குச் சமமான இரைச்சலைத் தானும் சேர்ப்பதன் எண் 2, அதாவது 3 டெசிபல். டென்மார்க்கில் பிறந்து பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஹரால்ட் ஃபிரிஸ் 1944-இல் வெளியிட்ட கட்டுரை, ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த கட்டங்களில் ஒவ்வொன்றின் இரைச்சலும் அதற்கு முந்திய கட்டங்களின் பெருக்கத்தால் வகுபட்டே கணக்கில் சேரும் என்று காட்டியது. இதன்படி, சைகையைத் தாழ் அதிர்வெண்ணுக்கு மாற்றும் சுற்றான கலப்பி ஒன்றின் இரைச்சல் எண் 12 டெசிபல் எனில், அதற்கு முன்னால், 15 டெசிபல் பெருக்கமும் 2 டெசிபல் இரைச்சல் எண்ணும் உடைய பெருக்கி ஒன்றை வைத்தால், இரண்டும் சேர்ந்த அமைப்பின் இரைச்சல் எண் 3.1 டெசிபலாக இறங்கிவிடுகிறது. அதன்பின் வரும் சுற்றுகள் எவ்வளவு சிறப்பாக அமைந்தாலும் முதல் கட்டத்தின் 2 டெசிபலை யாராலும் திருப்பி எடுக்க முடியாது. எனவேதான் ஏற்பியின் தலையெழுத்தை முதல் கட்டமே எழுதுகிறது.

இந்த முதல் கட்டத்துக்கு இன்னொரு கடமையும் உண்டு; அகன்ற பட்டையின் இடர் முழுவதும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. மாறுதிசை மின்னோட்டத்துக்கு ஒரு சுற்று காட்டும் மொத்தத் தடங்கலை ‘மின் எதிர்ப்பு’ என்பர். ஆன்டெனாவும், அதையடுத்த வடிகட்டியும், இணைப்புக் கம்பிகளும் 50 ஓம் என்ற பொது மதிப்புக்கு வடிவமைக்கப்படுகின்றன. மறுமுனையில் 50 ஓம் இல்லாவிட்டால் சைகையின் ஒரு பகுதி வந்த வழியே எதிரொலித்துத் திரும்புவதோடு, வடிகட்டியும் தன் இயல்பு மாறிப் பிழையாக வடிகட்டத் தொடங்கும். ஆகவே பெருக்கியின் உள்ளீடு, தான் வேலை செய்யும் பட்டை முழுவதிலும், 50 ஓம் மின்தடையைப் போலத் தோற்றமளிக்க வேண்டும். ஆனால் சிமாஸ் என்னும் தொழில்நுட்பத்தில் அமைந்த சிலிக்கான் சில்லுகளில் உள்ள டிரான்சிஸ்டரின் உள்ளீட்டு முனையான கேட், மெல்லிய ஆக்சைடு படலத்தால் பிரிக்கப்பட்ட ஒரு மின்தேக்கியே ஆகும். அங்கே மின்தடை என்று சொல்ல ஏதுமில்லை. அப்படியானால் கேட்டுக்கும் தரைக்கும் இடையே 50 ஓம் மின்தடை ஒன்றை இணைத்துவிடலாமே என்று தோன்றும். இணைக்கலாம், பட்டை அகலமும் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் அந்த மின்தடை, ஆன்டெனா தரும் அளவுக்கு இரைச்சலைத் தானும் தந்து, டிரான்சிஸ்டர் வேலையைத் தொடங்கும் முன்பே இரைச்சல் எண்ணை 3 டெசிபலுக்கு ஏற்றிவிடுவதோடு, சைகை மின்னழுத்தத்தையும் பாதியாக்கி, டிரான்சிஸ்டரின் இரைச்சலை ஒப்பளவில் நான்கு மடங்காக்கிவிடுகிறது. மின்தடையின் பண்பு வேண்டும், அதன் இரைச்சல் வேண்டாம் என்பதே இத்துறையின் வேட்கை. கடந்த முப்பதாண்டுகளில் முன்மொழியப்பட்ட சுற்றுகள் பலவும் இவ்வேட்கையின் வெவ்வேறு வடிவங்கள்தாம்.

டிரான்சிஸ்டரும் இரைச்சலுக்கு விதிவிலக்கன்று. அதன் தடம் வழியே மின்னோட்டம் பாய்வதால் அத்தடமும் ஒருவகை மின்தடையாகி வெப்ப இரைச்சலை எழுப்புகிறது. நெதர்லாந்தில் பிறந்து அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த ஆல்டர்ட் வான் டெர் சீல் இதை 1962-இல் கணக்கிட்டுக் காட்டினார். ‘காமா’ என்ற எழுத்தால் குறிக்கப்படும் இதன் குணகம், நீண்ட தடமுள்ள பழைய டிரான்சிஸ்டர்களில் 2/3 ஆகும். தடம் குறுகக் குறுக அது உயர்ந்து, 1-ஐ நெருங்குவதும் தாண்டுவதும் உண்டு.

குறுகிய பட்டையில் இந்த வேட்கையை நிறைவேற்றியது மின்தூண்டி. டிரான்சிஸ்டரின் சோர்ஸ் முனையில் ஒரு சிறு மின்தூண்டியை இணைத்தால், டிரான்சிஸ்டரின் பெருக்கச் செயல் அதனோடு சேர்ந்து, கேட்டில் ஓர் உண்மையான மின்தடையின் தோற்றத்தை உருவாக்குகிறது. இலட்சிய மின்தூண்டியில் வெப்ப இரைச்சல் கிடையாது என்பதால், இந்த மின்தடையும் இரைச்சலின்றிப் பிறக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டெரெக் ஷேஃபரும் தாமஸ் லீயும் 1997-இல் ஜிபிஎஸ் அதிர்வெண்ணுக்கென 0.6 மைக்ரோமீட்டர் சிமாஸில் இவ்வகைப் பெருக்கியொன்றைச் செய்து, 3.5 டெசிபல் இரைச்சல் எண்ணைக் காட்டினர். ரேடியோ அதிர்வெண் வேலைக்குச் சிமாஸ் ஆகாது என்ற எண்ணம் நிலவிய நாள்களில் அக்கட்டுரை பெற்ற செல்வாக்கு பெரிது. எனினும் இச்சுற்றில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. மின்தூண்டிகளும் கேட்டின் மின்தேக்கமும் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ளும் ஒத்ததிர்வு அதிர்வெண்ணில் மட்டுமே உள்ளீடு தூய மின்தடையாகத் தோன்றும். அதைவிட்டு விலகினால் பொருத்தம் குலைந்துவிடும். ஜிபிஎஸ்ஸுக்கு அது குறையன்று.

2002 பிப்ரவரியில் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி, 3.1 முதல் 10.6 கிகாஹெர்ட்ஸ் வரையிலான 7.5 கிகாஹெர்ட்ஸ் அகலத்தை, ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு −41.3 டிபிஎம் என்ற மிகக் குறைந்த திறன் வரம்போடு, மீஅகல்பட்டைத் தொடர்புக்குத் திறந்துவிட்டது. அதே காலத்தில், ஒரே ஏற்பி எல்லா அலைவரிசைகளையும் மென்பொருளின் ஆணைப்படி கேட்க வேண்டும் என்ற ‘மென்பொருள் வானொலி’ எண்ணமும் வலுப்பெற்றது. ஒவ்வொரு பட்டைக்கும் தனித்தனிப் பெருக்கியும் தனித்தனி மின்தூண்டிகளும் வைப்பது என்பது சில்லின் பரப்பளவில் கட்டுப்படியாகாத செலவு. டிரான்சிஸ்டர் தலைமுறைக்குத் தலைமுறை சுருங்குகிறது. சுருள் வடிவில் உலோகத்தால் வரையப்படும் மின்தூண்டியோ சுருங்குவதில்லை. அதன் மதிப்பை இயற்பியல் நிர்ணயிப்பதால், பக்கத்துக்கு ஓரிரு நூறு மைக்ரோமீட்டர் இடத்தை அது எந்தத் தலைமுறையிலும் கேட்டுக்கொண்டேயிருக்கும். ஆயிரக்கணக்கான தருக்கச் சுற்றுகள் குடியிருக்கக்கூடிய மனை அது.

அகன்ற பட்டையில் பொருத்தம் காண்பதற்கு இயற்கையே ஒரு வரம்பு விதித்திருக்கிறது. ஹென்ட்ரிக் போடே 1945-இல் முன்வைத்து, ராபர்ட் ஃபானோ 1950-இல் விரிவுபடுத்திய கோட்பாட்டின்படி, மின்தடையோடு மின்தேக்கியும் இணைந்த ஒரு சுமைக்கு எத்தனை கூறுகளைக் கொண்ட பொருத்தச் சுற்றை அமைத்தாலும், பட்டை விரியும் அளவுக்குப் பொருத்தத்தின் தரம் தாழ்ந்தே தீரும். சில்லின் இணைப்புத் திண்டு, நிலைமின் பாதுகாப்பு டயோடுகள், கேட்டின் மின்தேக்கம் எல்லாம் சேர்ந்து 50 ஓமுக்கு இணையாக 1 பிக்கோஃபாரட் இருக்கிறது என்று கொண்டால், 7.5 கிகாஹெர்ட்ஸ் அகலத்தில், முடிவிலி எண்ணிக்கையிலான கூறுகளைக் கொண்ட இலட்சியச் சுற்றாலும் எதிரொலிப்பை −11.6 டெசிபலுக்குக் கீழே கொண்டுவர இயலாது. நடைமுறையில் ஏற்கப்படும் எல்லை −10 டெசிபல். எஞ்சுவது ஒன்றரை டெசிபல்தான். மின்தேக்கத்தை 0.5 பிக்கோஃபாரடாகப் பாதியாக்கினால் வரம்பு −23 டெசிபலுக்கு இறங்கி மூச்சுவிட இடம் கிடைக்கிறது. வடிவமைப்பாளர் ஒவ்வொரு ஃபெம்டோஃபாரடுக்கும் கணக்குப் பார்ப்பதைக் கஞ்சத்தனம் என்று சொல்வதற்கில்லை.

இந்த வரம்புக்குள் நின்றே வெற்றி கண்டவர்களும் உண்டு. ஆண்ட்ரியா பெவிலாக்குவாவும் அலி நிக்நெஜாடும் 2004-இல் வெளியிட்ட 0.18 மைக்ரோமீட்டர் சிமாஸ் பெருக்கி, பழைய ஒத்ததிர்வுச் சுற்றையே மூன்று பிரிவுகள் கொண்ட செபிஷேவ் வடிகட்டியின் ஓர் அங்கமாக மாற்றிக்கொண்டது, 3.1 முதல் 10.6 கிகாஹெர்ட்ஸுக்கென அமைந்த அது, வெறும் 9 மில்லிவாட் திறனில், மிகச்சிறந்த புள்ளியில் 4 டெசிபல் இரைச்சல் எண்ணை எட்டியது. அழகான தீர்வு என்பதில் ஐயமில்லை. விலை, சில்லில் அணிவகுத்த மின்தூண்டிகள். சிலிக்கான் சில்லின் மின்தூண்டிகள் இலட்சியமானவையும் அல்ல. உலோகத்தின் தடையும் அடித்தள இழப்பும் சேர்ந்து அவற்றுக்கும் ஓர் இரைச்சலைக் கொடுத்துவிடுகின்றன.

பரவற்பெருக்கி என்னும் முறை இதைவிடப் பழமையானது. பிரிட்டனின் வில்லியம் பெர்சிவல் 1936-இல் முன்வைத்ததும், பின்னாளில் ஹியூலெட்-பேக்கர்ட் நிறுவனத்தால் உலகறிந்த வில்லியம் ஹியூலெட் உள்ளிட்ட நால்வர் 1948-இல் விரிவாக எழுதியதுமான இம்முறையில், பல டிரான்சிஸ்டர்களின் மின்தேக்கங்கள் ஒரு செயற்கைக் கடத்துதடத்தின் உறுப்புகளாக உள்வாங்கப்படுகின்றன. பட்டை அகலத்தில் இதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் கட்டங்களின் பெருக்கங்கள் ஒன்றோடொன்று பெருகாமல் வெறுமனே கூடுவதால், கிடைக்கும் பெருக்கத்துக்கு உண்ணும் மின்திறன் மிக அதிகம். அலைக்காட்டிகளுக்கும் ஒளியிழைத் தொடர்புக்கும் ஏற்ற இம்முறை, மின்கலத்தில் ஓடும் கருவிக்கு ஒத்துவராது.

மின்தூண்டியை நம்பாமல் டிரான்சிஸ்டரிடமே மின்தடையைக் கேட்டுப் பெறுவது மூன்றாவது வழி. சைகையைக் கேட்டில் செலுத்தாமல் சோர்ஸில் செலுத்தினால், அம்முனை இயல்பாகவே ஒரு மின்தடையைக் காட்டுகிறது. மின்னோட்டத்தைச் சரிசெய்து அதை 50 ஓமாக்கலாம், பட்டையும் அகலமாக இருக்கும். ‘பொதுக் கேட்’ எனப்படும் இவ்வமைப்பின் இரைச்சல் எண் 1 கூட்டல் காமா என்ற மதிப்பில் வந்து நிற்கிறது. காமா 2/3 எனில் 2.2 டெசிபல், 1 எனில் 3 டெசிபல். அதைக் குறைக்க டிரான்சிஸ்டரைப் பெரிதாக்கினால் உள்ளீடு 50 ஓமாக இருக்காது. 50 ஓமைக் காப்பாற்றினால் இரைச்சலைக் குறைக்க முடியாது. டிரான்சிஸ்டரின் வெளியீட்டு முனையான டிரெயினிலிருந்து கேட்டுக்கு ஒரு மின்தடை வழியே பின்னூட்டம் கொடுக்கும் அமைப்பிலும் இதே முடிச்சுதான். பொருத்தத்துக்கும் இரைச்சலுக்கும் ஒரே டிரான்சிஸ்டர் பொறுப்பேற்கும் வரை இதை அவிழ்க்க வழியில்லை என்றே பலரும் கருதினர்.

நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபெடெரிகோ புருக்கோலெரி, எரிக் க்ளும்பெரிங்க், பிராம் நௌட்டா ஆகிய மூவர் 2002-இல் அறிவித்து, 2004-இல் விரிவாக வெளியிட்ட சுற்று, இந்த முடிச்சை அவிழ்க்க முயலாமல் அதைப் பொருட்படுத்தாமலேயே கடந்து சென்றது. டிரான்சிஸ்டர் இரைச்சலை எழுப்பட்டும். ஆனால் அதே இரைச்சலை இரண்டு இடங்களில் தொட்டெடுத்து ஒன்றைக்கொண்டு மற்றொன்றை அழித்துவிடலாம் என்பது அவர்கள் கண்ட வழி. இதை எண்களைக் கொண்டு பார்ப்பதே தெளிவு.

பின்னூட்ட அமைப்பில் ஆன்டெனாவின் மின்தடை 50 ஓம், பின்னூட்ட மின்தடை 300 ஓம் என்று கொள்ளலாம். டிரான்சிஸ்டரின் தடத்தில் பிறக்கும் இரைச்சல் மின்னோட்டம், கேட்டுக்குள் நுழைய வழியில்லாததால், முழுவதும் 300 ஓம் வழியாகவும் அதையடுத்து ஆன்டெனாவின் 50 ஓம் வழியாகவும் தரைக்குப் பாய்கிறது. ஆகவே உள்ளீட்டு முனையில் தோன்றும் இரைச்சல் மின்னழுத்தம் 1 அலகு எனில், வெளியீட்டு முனையில் அது 350-க்கு 50 என்ற விகிதத்தில் 7 அலகு. இரண்டும் ஒரே குறியுடையவை. சைகையின் நடத்தை இதற்கு நேர்மாறானது: அது டிரான்சிஸ்டரால் தலைகீழாக்கிப் பெருக்கப்படுவதால், உள்ளீட்டில் +1 அலகாக இருப்பது வெளியீட்டில் −5 அலகாகிறது. இப்போது உள்ளீட்டு முனையிலிருந்து தனியே ஒரு துணைப் பெருக்கியை வைத்து, அங்குள்ளதை −7 மடங்காக்கி வெளியீட்டோடு கூட்டினால், இரைச்சல் 7−7 என்று முற்றாக நீங்குகிறது. சைகை −5−7 என்று −12 ஆகிறது. இரைச்சல் அழிய, சைகை வளர்கிறது. பொருத்தத்தைத் தரும் டிரான்சிஸ்டர், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரைச்சலற்ற 50 ஓமாக ஆகிவிட்டது.

இந்த நீக்கம் மயிரிழைத் துல்லியத்தைக் கேட்பதில்லை என்பது இச்சுற்றின் பெருமை. துணைப் பெருக்கி 7-க்குப் பதிலாக 7.7 மடங்கு பெருக்கினாலும், எஞ்சும் இரைச்சல் மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு. திறனில் அது நூற்றில் ஒன்று. சில்லுக்குச் சில்லு மாறும் உற்பத்தி வேறுபாடுகளை இவ்வளவு பெருந்தன்மையோடு பொறுத்துக்கொள்ளும் நீக்க முறைகள் மின்னணுவியலில் அரிது. இரைச்சல் மட்டுமன்றி, அதே டிரான்சிஸ்டர் தன் வளைந்த இயல்பால் எழுப்பும் உருத்திரிபும் டிரெயினில் பிறக்கும் ஒரு மின்னோட்டமே என்பதால், அதுவும் அதே கணக்கில் நீங்கிவிடுகிறது. 0.25 மைக்ரோமீட்டர் சிமாஸில், ஒரு மின்தூண்டியும் இன்றி உருவான அந்தப் பெருக்கி, 150 மெகாஹெர்ட்ஸ் முதல் 2 கிகாஹெர்ட்ஸ் வரை 2.4 டெசிபலுக்குக் குறைந்த இரைச்சல் எண்ணையும் 13.7 டெசிபல் பெருக்கத்தையும் காட்டியது.

இலவசமாக எதுவும் கிடைத்துவிடவில்லை. பின்னூட்ட மின்தடையின் இரைச்சல் நீங்குவதில்லை; மேற்கண்ட எடுத்துக்காட்டில் அது இரைச்சல் எண்ணில் ஆறில் ஒரு பங்கைக் கூட்டுகிறது. துணைப் பெருக்கியின் சொந்த இரைச்சலும் நீங்குவதில்லை; அதற்குப் பொருத்தக் கட்டாயம் ஏதுமில்லாததால் அதைப் பெரிதாக்கி இரைச்சலை அடக்கலாம் என்றாலும், பெரிதாக்குவதென்பது மின்னோட்டத்தைக் கூட்டுவதாகும். மேற்சொன்ன பெருக்கி 35 மில்லிவாட் உண்டது. உயர் அதிர்வெண்களிலோ உள்ளீட்டு மின்தேக்கம் இரு பாதைகளுக்கிடையே காலப் பிசகை உண்டாக்கி நீக்கத்தைக் கலைக்கிறது. போடேயும் ஃபானோவும் வாசலிலேயே காத்திருக்கிறார்கள்.

அகன்ற பட்டைக்கே உரிய மற்றோர் இடையூறு, இரைச்சலைப் போல எல்லா நூல்களிலும் முதலிடம் பெறுவதில்லை, பெற்றிருக்க வேண்டும். பெருக்கி முற்றிலும் நேரியல்பாக இல்லாதபோது, வலுவான இரு சைகைகள் அதனுள் கலந்து, தம் அதிர்வெண்களின் கூட்டுத்தொகையிலும் வேறுபாட்டிலும் புதிய சைகைகளைப் பிறப்பிக்கின்றன. குறுகிய பட்டைப் பெருக்கியில் இவை பட்டைக்கு வெளியே விழுந்து மடிந்துவிடும். அகன்ற பட்டையில் அவ்வாறன்று: 900 மெகாஹெர்ட்ஸிலும் 1500 மெகாஹெர்ட்ஸிலும் உள்ள இரு வலுவான சைகைகள் சேர்ந்து 2400 மெகாஹெர்ட்ஸில், வைஃபை கேட்க வேண்டிய இடத்திலேயே, இல்லாத ஒரு நிலையத்தை உருவாக்கிவிடும். சமச்சீரான இரு பாதைகளில் எதிரெதிர்க் குறியோடு சைகையைக் கொண்டுசெல்லும் வேறுபாட்டுச் சுற்று, இந்த இரண்டாம்படித் திரிபைப் பெரிதும் அடக்குகிறது. ஆனால் ஆன்டெனாவிலிருந்து வருவது ஒற்றைப் பாதை. பொதுக் கேட் டிரான்சிஸ்டரையும் சைகையைக் கேட்டில் வாங்கும் ‘பொதுச் சோர்ஸ்’ டிரான்சிஸ்டரையும் ஒரே உள்ளீட்டில் இணைத்து, ஒற்றைப் பாதையை இரட்டையாகப் பிரிப்பதையும், இரைச்சல் நீக்கத்தையும், திரிபு நீக்கத்தையும் ஒரே அசைவில் நிகழ்த்தும் சுற்றை அதே ட்வென்டே குழுவைச் சார்ந்தோர் 2008-இல் 65 நானோமீட்டர் சிமாஸில் காட்டினர், 0.2 முதல் 5.2 கிகாஹெர்ட்ஸ் வரை அதன் இரைச்சல் எண் 3.5 டெசிபலுக்குள் அடங்கியது.

பட்டைக்குள்ளேயே ஒரு வலுவான அயல்சைகை வந்து உட்கார்ந்துகொண்டால், மின்னழுத்தத்தைப் பெருக்கும் எந்தக் கட்டமும், அது எவ்வளவு குறைந்த இரைச்சல் உடையதாயினும், செறிவுற்றுத் திணறிவிடும். லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தினரும் பிராட்காம் நிறுவனத்தினரும் 2012-இல் வெளியிட்ட 40 நானோமீட்டர் ஏற்பி, இதற்குத் தீர்வாக ரேடியோ அதிர்வெண்ணில் மின்னழுத்தப் பெருக்கத்தையே கைவிட்டது. கலப்பியே ஆன்டெனாவுக்கு 50 ஓமாகத் தோன்ற, இரண்டு பாதைகளின் வழியே இறங்கிவரும் இரைச்சல், சைகை தாழ் அதிர்வெண்ணுக்கு மாற்றப்பட்ட பிறகே நீக்கப்பட்டது. 80 மெகாஹெர்ட்ஸ் முதல் 2.7 கிகாஹெர்ட்ஸ் வரை இயங்கிய அதன் இரைச்சல் எண் 1.9 டெசிபல், ஒரு மில்லிவாட் வலுவுள்ள அயல்சைகை குறுக்கிட்டபோதும் அது 4.1 டெசிபலுக்கு மேல் ஏறவில்லை. அகன்ற பட்டைக்கான ஏற்பிகளில், தனியொரு குறை இரைச்சல் பெருக்கி கட்டாயமன்று என்ற நிலை அவ்வாறு உருவாயிற்று.